அடிக்கிற வீட்டை விட்டு வந்த பிறகு: சாதித் தெருக்களாகப் பிரிந்த சின்ன ஊரின் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டின் சின்ன ஊர்கள் பலவற்றில் கோடு எங்கே போகிறது என்று அந்த ஊர்ச் சிறு பிள்ளைக்கும் தெரியும். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. அல்லது மெயின் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பெரிய சாதிகள். டீக்கடை, கோயில், சுடுகாடு தொடங்கி மகளிர் குழு வரைக்கும் பிரிந்துதான் கிடக்கும். இப்படி ஓர் ஊரில் கணவனிடம் அடிபட்ட பெண் வாய் திறந்தால், ஒரே ராத்திரியில் அது அவள் விஷயமாக இல்லாமல் போய்விடுகிறது. ஒரே சாதியில் கல்யாணம் செய்தவளிடம், "வெளியே தெரிஞ்சா அந்தத் தெருக்காரன் சிரிப்பான்" என்பார்கள். சாதி மாறிக் கட்டியவளுக்கோ இரண்டு தெருவும் கிடையாது. பிறந்த வீடு, "நீயா தேடிக்கிட்டது" என்று கதவைச் சாத்தும். புகுந்த வீடு, "இதுக்குத்தான் அப்பவே சொன்னோம்" என்னும்.

இப்படிப்பட்ட பெண்களுடன் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் போய் வந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. உங்கள் பிரச்சினையைத் தெருவின் கையில் கொடுக்காதீர்கள். எந்தத் தெருவுக்கும் கட்டுப்படாத அலுவலகங்களுக்கு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு படியிலும் உங்கள் பெயரில் ஒரு காகிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கீழே உள்ளதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

கிளம்பும் முன்பு

உயிருக்கு ஆபத்து என்றால் எதையும் எடுக்க நிற்காதீர்கள். பிள்ளைகளோடு வெளியே வந்து 112-ஐ அழையுங்கள். கொஞ்சம் அவகாசம் இருந்தால் சில வேலைகளை முன்கூட்டியே முடிக்கலாம்.

ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, சாதிச் சான்று, உங்கள் மார்க் ஷீட், கல்யாணப் பத்திரிகை, கல்யாண போட்டோ, நகைக்கடை பில், நகையை அடகு வைத்த ரசீது. அசல் கிடைக்காவிட்டால் போனில் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். கல்யாண போட்டோவைப் பலரும் வேண்டாவெறுப்பாக விட்டுவிட்டு வருகிறார்கள். கழுத்திலும் கையிலும் என்ன நகை போட்டு வந்தீர்கள் என்பதற்கு அந்தப் படம்தான் பின்னால் சாட்சி. அதனால் கட்டாயம் எடுங்கள்.

போனையும் பாருங்கள். வாட்ஸாப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் தெரியாத கருவி இருந்தால் நீக்குங்கள். கூகுள் கணக்கைக் கணவர்தான் உருவாக்கித் தந்தார் என்றால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை அவர் பார்க்க முடியும். வெளியே வந்ததும் புது சிம், புதுக் கணக்கு. மிரட்டல் பேச்சும் மெசேஜும் உள்ள பழைய போனை மட்டும் பத்திரமாக அணைத்து வையுங்கள். பதிவைக் கோர்ட்டில் காட்டும்போது அசல் போன் இருந்தால் பலம்.

யாரிடம் சொல்வது என்பது இந்த ஊர்களில் பெரிய கேள்வி. சொந்தத் தெருவில் சொன்னால் சாயங்காலத்துக்குள் மாமியார் காதுக்குப் போய்விடும். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பெண், சத்துணவு அமைப்பாளர், வெளியூரிலிருந்து வந்து வேலை பார்க்கும் கிராம சுகாதார செவிலியர், பள்ளி டீச்சர், இவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் சொந்தக்காரர்களோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவராக இருப்பது முக்கியம்.

பிள்ளைகளை விட்டுவிட்டு, "அப்புறம் வந்து கூட்டிக்கிறேன்" என்று கிளம்பாதீர்கள். அதையே தூண்டிலாக்கித் திரும்ப வரவழைப்பார்கள். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை பொதுவாக அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்று 1956-ஆம் வருட இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டமே சொல்கிறது. பெரிய பிள்ளைகள் விஷயத்திலும், அவர்கள் உங்களோடு இருக்கும்போது கோர்ட்டுக்குப் போவது சுலபம்.

முதல் இரவு

181 என்பது பெண்களுக்கான உதவி எண். இருபத்துநாலு மணி நேரமும் இலவசம். தமிழில் பேசுவார்கள். "ஒருங்கிணைந்த சேவை மையம் எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். மாவட்டத் தலைநகரில் இருக்கும் இந்த மையத்துக்குச் சகி மையம் என்றும் பெயர். 2015-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் இது. தங்க இடம், சாப்பாடு, மருத்துவ உதவி, சட்ட ஆலோசனை, மன ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். சுமார் ஐந்து நாள் வரை தங்கலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். ஆண் பிள்ளைக்கு வயது வரம்பு வைத்திருக்கிறார்கள், போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் தங்க வேண்டுமானால் சக்தி சதன் எனப்படும் காப்பகத்துக்கு அனுப்பி வைப்பார்கள்.

மாவட்டத் தலைநகருக்குப் போங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அங்கே "நீங்க எந்தத் தெரு, யார் மகள்?" என்று யாரும் கேட்பதில்லை. சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால், கையில் காசு இல்லாமலும் ஓரளவு தூரம் போய்விடலாம்.

ஆஸ்பத்திரி: என்ன எழுதுகிறார்கள் என்று கவனியுங்கள்

காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்கே போங்கள். அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு என்ற ஒன்றில் எழுதுவார்கள். எல்லோரும் அதை ஏ.ஆர். காப்பி என்பார்கள். டியூட்டி டாக்டர் தலை நிமிராமல், "எப்படி அடிபட்டுது?" என்று கேட்பார். கூடவே மாமனாரோ நாத்தனாரோ நிற்பார்கள். "படியில் விழுந்துட்டேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். அந்த ஒரு வரி அப்படியே பதிவாகும். இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் எடுத்து வாசிப்பார்.

அதனால் உடன் வந்தவர்களை வெளியே நிற்கச் சொல்லுங்கள். உங்களுக்குச் சொல்ல முடியாவிட்டால் நர்ஸம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். யார், எங்கே, எப்போது, எதைக் கொண்டு அடித்தார் என்று நான்கையும் சொல்லுங்கள். "இந்தத் தேதி, இத்தனை மணிக்கு, வீட்டில் வைத்து, கணவர் கையால் தாக்கியதாகச் சொல்கிறார்" என்ற பொருளில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கன்றிப்போன இடங்கள் மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் நன்றாகத் தெரியும். அப்போதும் போட்டோ எடுங்கள்.

போலீஸ் ஸ்டேஷன்

சின்ன ஊர் ஸ்டேஷனில் ஏட்டய்யா கணவர் வீட்டுக்கு மாமன் மச்சான் முறையாக இருக்கலாம். உங்களைப் பார்த்ததும் அவர் அந்த வீட்டுக்கே போன் செய்யவும் கூடும். அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கும் ஊருக்குப் போனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் குறையும். 1992-இல் சென்னையில் முதலாவது தொடங்கப்பட்ட பிறகு இவை மாநிலம் முழுக்க வந்துவிட்டன.

"சம்பவம் நடந்த ஊர் ஸ்டேஷனுக்குப் போம்மா" என்று திருப்பி அனுப்பினால் ஏமாறாதீர்கள். எல்லை எதுவானாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிந்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது இப்போது சட்டம். கணவன் வீட்டுக் கொடுமைக்கு, நீங்கள் தஞ்சம் புகுந்த ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019-இல் ரூபாலி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிரிந்து கிடக்கும் ஊரின் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. வழக்குக்காக அந்தத் தெருவுக்குள் மறுபடி காலெடுத்து வைக்க வேண்டியதே இல்லை.

மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். எனப்படும், மனு பெற்றதற்கான ரசீதைக் கேளுங்கள். தராமல் அனுப்பினால் அதே மனுவைப் பதிவுத் தபாலில் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்பி, தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரு தரப்பையும் அழைத்துப் பேசுவார்கள், அது வழக்கம்தான். பேச்சுக்குப் போகலாம். ஆனால் படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "சமாதானமாகப் போகிறோம்" என்று எழுதி வாங்கிக்கொண்டால் மனுவை அத்தோடு மூடிவிடுவார்கள்.

பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவார்கள்

இது எப்படியும் நடக்கும், தயாராக இருங்கள். கோயில் மண்டபத்திலோ, தலைவர் வீட்டுத் திண்ணையிலோ பாய் விரித்திருப்பார்கள். உங்கள் பக்கம் அப்பா, சித்தப்பா என்று நாலு பேர், அவர் பக்கம் பத்துப் பேர். நீங்கள் மட்டும் ஓரமாக நிற்பீர்கள். "கல்லானாலும் கணவன்" என்று ஆரம்பிக்கும் பேச்சு, "நம்ம பொண்ணு ஸ்டேஷன் வாசல் மிதிச்சா ஊருக்கே அவமானம்" என்பதில் வந்து நிற்கும். நகை எவ்வளவு, பாத்திரம் எவ்வளவு, பிள்ளை யாரிடம் என்று உங்களைக் கேட்காமலே முடிப்பார்கள். கடைசியில் ஒரு முத்திரைத் தாள் வரும்.

கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று 2011-இல் ஆறுமுக சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன சாதி வழக்கு அது. அங்கே உங்களை வரவைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. முத்திரைத் தாளில் எழுதித் தீர்த்துக்கொள்வதும் விவாகரத்து ஆகாது. சில சாதிகளில் பழைய வழக்கப்படி தீர்த்துவிடுவதைச் சட்டம் ஏற்கும்தான், ஆனால் அந்த வழக்கம் உண்டென்று கோர்ட்டில் நிரூபித்தாக வேண்டும். அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்துகொண்டு சிக்கலில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள்.

நேராக மறுத்தால் அப்பாவையும் தம்பியையும் ஊரை விட்டு ஒதுக்குவார்கள் என்ற பயம் வரும். அந்தப் பயம் நியாயமானது, அதை லேசாக நினைக்க மாட்டேன். அப்போது சொல்ல ஒரு பதில் இருக்கிறது: "மனு கோர்ட்டில் இருக்கு, இனி வக்கீல் மூலமாத்தான் பேசணும்." இதனால்தான் பஞ்சாயத்து கூடுவதற்கு முன்பே மனுவைக் கொடுத்துவிட வேண்டும் என்கிறேன். ஒதுக்கி வைத்தல், கடையில் சாமான் தர மறுத்தல், தண்ணீர் தர மறுத்தல் என்று நடந்தால், தேதியோடு எழுதி எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் கொடுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர் நாள்.

உங்கள் சாதிச் சங்கத்துக்காரர்களோ கட்சிக்காரர்களோ, "நாங்க பார்த்துக்கிறோம்" என்று வந்தால் நன்றி சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் வந்தால் அந்தப் பக்கமும் ஆள் திரட்டும். அடித்த கதை போய், தெருச் சண்டைக் கதை ஆகிவிடும். பிறகு இரண்டு தலைவர்களும் கைகுலுக்கி முடித்துக்கொள்ளும்போது உங்கள் வழக்கும் அதில் சேர்ந்து முடிந்துவிடும்.

நீங்கள் பட்டியல் சாதியோ பழங்குடியோ ஆக இருந்து, புகுந்த வீட்டார் அந்தச் சமூகத்தைச் சேராதவர்களாக இருந்தால், 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் உங்களுக்கு உண்டு. சாதிப் பெயரைச் சொல்லி இழிவு செய்தது பிறர் பார்க்கும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் நடந்ததற்கு அந்தப் பிரிவு நிற்பது கடினம். தெருவில், கடை வாசலில், ஸ்டேஷனில் சொன்னதை யார் கேட்டார்கள் என்று எழுதி வையுங்கள். இதை டி.எஸ்.பி. அளவில்தான் விசாரிக்க வேண்டும். உதவி எண் 14566.

கோர்ட்டில் என்ன கேட்கலாம்

பெண்கள் நினைப்பது ஒரே ஒரு வழக்குத்தான்: அவரை ஜெயிலில் வைக்கும் வழக்கு. அது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவு. மூன்று வருடம் வரை தண்டனை. தேவைப்பட்டால் போடுங்கள். ஆனால் நாளைக்கு வாடகை, பிள்ளைக்குப் பால், அடி விழாமல் ஒரு கூரை என்பவை உங்கள் அவசரமாக இருந்தால், முதலில் 2005-ஆம் வருட குடும்ப வன்முறைச் சட்டத்துக்குப் போங்கள். எல்லா மதத்துக்கும் இது பொது. கல்யாணத்தைப் பதியாதவர்களுக்கும், தாலி கட்டாமல் குடும்பமாக வாழ்ந்தவர்களுக்கும் இதில் இடம் உண்டு.

கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாவட்ட சமூகநல அலுவலகம் இருக்கும். அங்கே பாதுகாப்பு அலுவலரைக் கேளுங்கள். நீங்கள் சொல்வதைப் படிவத்தில் எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் கோர்ட்டிலேயே இது நடக்கும். அவர் அடிக்கவோ, நெருங்கவோ, போன் செய்யவோ, நீங்கள் வேலை பார்க்கும் இடத்துக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் வரவோ கூடாது என்று ஆணை கேட்கலாம். கூட்டாகக் குடியிருந்த வீட்டிலேயே இருக்கும் உரிமையைக் கேட்கலாம். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும் கேட்கலாம் என்று 2020-இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கின் தீர்ப்பு சொல்கிறது. ஜீவனாம்சம், மருத்துவச் செலவு, நஷ்ட ஈடு, பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு, சீதன நகை, இவையும் இதே மனுவில் அடங்கும். அவசரம் என்றால் அவர் வருவதற்கு முன்பே இடைக்கால ஆணை பிறப்பிக்கச் சட்டத்தில் வழி உண்டு. அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடப்பில் வாய்தா மேல் வாய்தா விழும். அதனால் இடைக்கால ஆணையை முதல் நாளிலேயே கேட்டு மனுப் போடச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குக் காசு வேண்டாம். பெண்ணாக இருந்தாலே, வருமானம் பார்க்காமல், 1987-ஆம் வருடச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. தாலுகா கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும். எண் 15100. உள்ளூர் வக்கீல் இரு தரப்புக்கும் வேண்டியவராக இருப்பார் என்று சந்தேகப்பட்டால், மாவட்ட ஆணைக்குழுவிடம் வேறு ஒருவரைக் கேட்கலாம்.

ஜீவனாம்ச வழக்கு வந்ததும் அவருக்குத் திடீரென்று வேலை போய்விடும். "கூலி வேலைதான், அதுவும் வாரம் ரெண்டு நாள்" என்பார். இரு தரப்பும் சொத்து, வருமான விவரத்தைச் சத்தியப் பத்திரமாகத் தர வேண்டும் என்றும், மனுப் போட்ட நாளிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்றும் 2020-இல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்திருக்கிறது. அவர் கடை போட்டோ, வண்டி ஆர்.சி., கடன் தவணை கட்டிய ரசீது என்று எது கிடைத்தாலும் சேர்த்து வையுங்கள்.

வீடு, ரேஷன், பள்ளிக்கூடம்

"வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார்? நீங்க என்ன ஆளுங்க?" வாடகை வீடு தேடும்போது இந்த இரண்டு கேள்வியும் வரும். பிரிந்து வந்தவள் என்றால் பயப்படுவார்கள், சாதி வேறு என்றால் இன்னும் பயப்படுவார்கள். அரசு மருத்துவமனை, பஸ் டிப்போ, கம்பெனி பக்கம் உள்ள தெருக்களில் வெளியூர் ஆட்கள் அதிகம், அங்கே முதலில் தேடுங்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் இருக்கிறது, ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். வேலை பார்க்கும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் சில மாவட்டங்களில் உண்டு.

ஒப்பந்தம் கையில் வந்தால் ஆதாரில் முகவரி மாற்றலாம். போன் எண்ணை அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். ஓ.டி.பி. அவர் போனுக்குப் போய்க்கொண்டிருந்தால் உங்கள் ஒவ்வொரு அசைவும் அவருக்குத் தெரியும். ரேஷன் கார்டுக்கு வட்ட வழங்கல் அலுவலரிடம், பழைய கார்டிலிருந்து பெயரை நீக்கித் தனிக் கார்டு தரும்படி எழுத்தில் மனு கொடுங்கள். கோர்ட் மனுவின் நகலை இணையுங்கள். மகளிர் உரிமைத் தொகைகூடக் கார்டை வைத்துத்தான் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்துக்கு வயதும் பிரிந்திருந்த காலமும் பார்ப்பார்கள். முதல் வருடச் செலவை அதை நம்பிக் கணக்கிட வேண்டாம்.

பழைய பள்ளியில் டி.சி. தர மறுப்பார்கள், அப்பா கையெழுத்து வேண்டும் என்பார்கள். எட்டாம் வகுப்பு வரை டி.சி. இல்லை என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கவோ தாமதிக்கவோ கூடாது. 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. எமிஸ் எண் எனப்படும் பிள்ளையின் பள்ளிப் பதிவு எண் தெரிந்தால் புதுப் பள்ளியில் வேலை சீக்கிரம் முடியும். தலைமையாசிரியரிடம் நிலைமையைச் சொல்லி, உங்களைத் தவிர யார் வந்தாலும் பிள்ளையை அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள்.

வேலையும் கடனும்

திருப்பூர் பக்கம் போகிறவர்கள் பலர். தையல் தெரியாவிட்டாலும் பிசிறு வெட்டுவது, செக்கிங், கைமடி என்று ஆரம்பித்து, மெஷின் பழகி ஓவர்லாக்கோ சிங்கரோ ஓட்டும்போது கூலி மாறும். ஒன்றரை ஷிப்ட்டுக்குப் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிக்கும் கம்பெனியில் சம்பளம் நூறு இருநூறு குறைந்தாலும் சேருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் நாளில் அதன் அருமை தெரியும். சம்பளம் உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்குக்கு வர வேண்டும். பழைய கூட்டுக் கணக்கு வேண்டவே வேண்டாம்.

இன்னொரு பூதம் குழுக் கடன். உங்கள் பெயரில் வாங்கி அவர் செலவழித்த பணம். நீங்கள் ஊரை விட்டு வந்ததும் மற்றப் பெண்கள் உங்கள் தவணையையும் கட்ட வேண்டி வரும், அந்தக் கோபத்தில் ஊரே உங்கள் மேல் திரும்பும். ஓடி ஒளியாதீர்கள். நிதி நிறுவனக் கிளைக்கு எழுத்தில் நிலைமையைச் சொல்லி, தவணையைக் குறைத்து நீட்டிக் கேளுங்கள். காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது 2022 முதல் ரிசர்வ் வங்கி விதி.

தூக்கம் வராது. கதவு தட்டினால் உடம்பு நடுங்கும். சில ராத்திரிகளில் திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றும். மனநல உதவி எண்ணான 14416-க்கு அழைத்துத் தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரை இலவசம். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. அடி வாங்கிய உடம்புக்கு வைத்தியம் பார்த்தோமே, அதே மாதிரிதான் இதுவும்.

ஊருக்குப் போக வேண்டி வந்தால்

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, திருவிழா, சாவு என்று ஏதாவது வரும். போக வேண்டும் என்று தோன்றினால் போங்கள், அது உங்கள் ஊரும்தான். பாதுகாப்பு ஆணை இருந்தால் அதன் நகல் கையில் இருக்கட்டும். நகலைக் கோர்ட்டே இலவசமாகத் தரும். உள்ளூர் ஸ்டேஷனுக்கும் ஒரு பிரதி போகும். ஆணையை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தேர்த் திருவிழாவும் கொடியேற்றமும் இரண்டு தெருவும் முறைத்துக்கொள்ளும் நாட்கள். அந்தச் சமயம் போவதைத் தவிர்த்து, ஒரு வாரம் தள்ளிப் போகலாம். சாவு வீடு என்றால் தள்ள முடியாது. முதல் நாளே ஸ்டேஷனில் தகவல் சொல்லி, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு பகலில் போய், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள். துக்க வீட்டில் வைத்து, "இதில் ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா" என்று யாராவது காகிதம் நீட்டினால், வக்கீலிடம் காட்டிவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி அதை வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.